மீண்டும் தொடக்கத்திலிருந்து

அணி என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு முகங்கள் உண்டு. கழுத்தில் பூணும் நகையும் அணிதான். செய்யுளில் பொருளை விளங்க வைக்கும் உவமையும் அணிதான். நகையைக் கழற்றி வைத்தாலும் கழுத்து கழுத்தாகவே இருக்கும். நல்ல உவமையைச் செய்யுளிலிருந்து எடுத்துவிட்டாலோ, சில வேளைகளில் பொருளும் அதனோடு போய்விடுகிறது. அப்படியானால் திருக்கோவிலில் பாடப்படும் இசைக்கு நாம் சேர்க்கும் அணி இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது? பாடுகிறவரை அழகுபடுத்தும் நகையா? பாடப்படும் சொல்லைத் திறந்து காட்டும் விளக்கா? குருமடத்தில் இறையியல் பயின்ற ஆண்டுகளில் இக்கேள்வியை நான் கேட்டதில்லை. யாரும் என்னைக் கேட்டதுமில்லை. குருவாகித் தொலைவில் ஓர் ஊரில் பாடக் கற்றுக்கொண்டபோதுதான் அது என் முன்னே வந்து நின்றது.

1998ஆம் ஆண்டு எங்கள் ஆயர் என்னை மேற்படிப்புக்காக உரோமைக்கு அனுப்பினார். வாரநாள்களில் வகுப்பும் நூலகமும். ஞாயிறுகளில் நகரின் ஓரத்திலிருந்த ஒரு பங்கில் திருப்பலி நிறைவேற்றவும் ஒப்புரவு அருளடையாளம் வழங்கவும் உதவி வந்தேன். அங்கே பதினான்கு பேர் கொண்ட பாடகர் குழு ஒன்று இருந்தது. அஞ்சல் ஊழியர், மருந்துக் கடைக்காரர், இசை பயிலும் மாணவர், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியர் எனப் பலதரப்பட்டவர்கள். குழுவை நடத்தியவர் எழுபது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற இசை ஆசிரியை. டெனர் எனப்படும் ஆண்களின் மேல்குரல் அவருக்குப் போதவில்லை. நான் பலிப்பீடத்தில் பாடியதைக் கேட்டவர், திருப்பலி முடிந்ததும் நேரே வந்து, வெள்ளிக்கிழமை மாலைகளில் வரமுடியுமா என்று கேட்டார்.

முதல் மாலை அவர் என் கையில் கொடுத்த தாளில் சுரங்கள் மிகச் சிலவே இருந்தன. நீண்டு நிற்கும் வெண்சுரங்கள். இடையிடையே ஓரிரு குறுஞ்சுரங்கள். இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்பதுபோல் நான் பார்த்ததை அவர் கண்டுகொண்டார் போலும். "தந்தையே, இதை எழுதியவர், பாடுகிறவருக்குப் பாடத் தெரியும் என்று நம்பி எழுதியிருக்கிறார்" என்றார். மூன்று ஆண்டுகள் நான் அவரிடம் கற்றதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான்.

ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய இசையைப் பரோக் இசை என்பார்கள். அக்காலத்து இசையமைப்பாளர் பலர் தம் பாடலை முழுவதும் எழுதி வைப்பதில்லை. மெல்லிசையின் முதன்மைச் சுரங்களையும் அடிக்குரலையும் எழுதுவார்கள். எஞ்சியதைப் பாடகர் பாடும்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும். நீண்ட சுரத்தைச் சிறு சுரங்களாகப் பிரித்துப் பாடும் இக்கலை அதற்கும் முந்தியது. 1535இல் வெனிஸ் நகரில் சில்வெஸ்த்ரோ கனாஸி என்பவர் குழல் வாசிப்போருக்காக இதைக் குறித்து நூல் வெளியிட்டார். 1553இல் உரோமையில் தியேகோ ஓர்த்தீஸ் நரம்புக் கருவி வாசிப்போருக்காக எழுதினார். ஜூலியோ காச்சினி 1602இல் புளோரன்சில் வெளியிட்ட புதிய இசைப்பாடல்களின் முன்னுரை பாடகர்களுக்கான பாடநூலாகவே ஆகிவிட்டது. எங்கள் ஆசிரியை அந்த முன்னுரையின் நகலை எப்போதும் கைப்பையில் வைத்திருந்தார்; மடிப்புகளில் தாள் கிழிந்து, ஒட்டுத்தாள் போடப்பட்டிருந்தது.

அவர் கற்பித்த முறை மிக எளியது. மிகக் கடினமானதும் அதுவே. 'தோ' சுரத்திலிருந்து 'சோல்' சுரத்துக்குப் போகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தில் இருப்பவை அந்த இரண்டு சுரங்கள் மட்டுமே. இடையிலுள்ள படிகள் அனைத்திலும் ஏறிப் போகலாம். முதலில் ஒரு படி இறங்கிவிட்டுப் பின்பு ஏறலாம். 'சோல்' சுரத்தைத் தாண்டித் தொட்டுவிட்டுத் திரும்பி வரலாம். எப்படிப் போனாலும் தாளத்தில் குறித்த கணத்தில் 'சோல்' சுரத்தில் நின்றாக வேண்டும். ஏனெனில் கீழே அடிக்குரல் அங்கே காத்துக்கொண்டிருக்கிறது. ஒரே இடைவெளியை இருபது வகையாகக் கடக்கும் பயிற்சியிலேயே பல வெள்ளிக்கிழமைகள் கழிந்தன. பாடல் எதையும் நாங்கள் தொடவில்லை.

அடுத்து அணிகளின் பெயர்கள் வந்தன. ஒரே சுரத்தைத் தொண்டையால் மெல்லத் தட்டத் தொடங்கி, வரவர விரைவாக்கி, நடுக்கம்போல் ஆக்குவதைக் காச்சினி 'த்ரில்லோ' என்றார். அடுத்தடுத்த இரு சுரங்கள் மாறிமாறி ஒலித்து, இறுதியில் ஒரு சுழற்சியோடு முடிவது 'க்ருப்போ'. உரிய சுரத்துக்கு முன் அண்டைச் சுரத்தைத் தொட்டு, அடிக்குரலோடு ஒரு கணம் முரண்பட்டு நின்று, பின்பு உரிய சுரத்தில் வந்து சாய்வது 'அப்போஜ்ஜியாத்தூரா'. சாய்தல் என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். ஒரே சுரத்தை மெலிதாகத் தொடங்கி, வளர்த்து, மீண்டும் மெலிய விடுவது இன்னொன்று. நம் நாட்டு இசையைக் கேட்டு வளர்ந்த என் தொண்டைக்கு ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வது இயல்பாகவே வந்தது. ஆனால் அங்கு வேண்டியது வேறு. ஒவ்வொரு சிறு சுரமும் மாலையில் கோத்த மணிபோல் தனித்தனியே தெரியவேண்டும்; அதே வேளையில் நூல் அறுபடவும் கூடாது. நம் கமகம் சுரத்தின் உயிரோடு பிறந்தது. அங்குள்ள அணியோ சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையிலுள்ள வெளியை நிரப்புவது. இந்த வேறுபாட்டைத் தொண்டை புரிந்துகொள்ள ஓராண்டு ஆயிற்று.

எங்கே அணி சேர்ப்பது என்பதற்கும் நெறிகள் இருந்தன. 1562இல் கமில்லோ மஃபேயி என்னும் மருத்துவர் பாடுவதைப் பற்றி எழுதிய கடிதத்தில் சில விதிகளைத் தருகிறார். நீண்ட அணிகளை இசைத்தொடர் முடியும் இடங்களிலேயே செய்தல் நன்று. முடியும் சொல்லின் ஈற்றயலசையில் செய்தல் நன்று. 'ஓ' போன்ற திறந்த உயிரொலியில் செய்தல் நன்று. 'இ' ஒலியில் செய்தால் வழிதவறிய சிறு விலங்கின் முனகலாகவும், 'உ' ஒலியில் செய்தால் ஓநாயின் ஊளையாகவும் கேட்கும். இவற்றைவிட எனக்குப் பிடித்த விதி ஒன்றுண்டு. நால்வர் ஐவர் சேர்ந்து பாடும்போது ஒருவருக்கொருவர் இடம்விட வேண்டும். இருவர் மூவர் ஒரே நேரத்தில் அணி செய்தால் இசையொருமை குலைந்துவிடும் என்கிறார் மஃபேயி. ஒருவர் மலரும்போது மற்றவர் தண்டாக நிற்கவேண்டும். பங்கு மேய்ப்புப்பணிப் பேரவைக் கூட்டங்களில் அமரும்போதெல்லாம் அந்த மருத்துவரின் விதி என் நினைவுக்கு வருகிறது.

இந்நிலையில்தான் எங்கள் குழுவிலேயே கேள்வி எழுந்தது. மருந்துக் கடைக்காரர் பக்திமான். இளமையில் கிரகோரியன் பாடல்களைப் பாடி வளர்ந்தவர். ஒரு நாள் அவர், "இதெல்லாம் ஓபரா மேடைக்கு உரியது. கோவிலில் இது இறைவனுக்கா, நமக்கா?" என்று கேட்டார். கேட்டது ஆசிரியையிடம், ஆனால் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குரு அல்லவா பதில் சொல்லவேண்டும்!

கேள்வி பழையது. புனித அகுஸ்தினார் தம் தன்வரலாற்றின் பத்தாம் நூலில் இதே கேள்வியோடு போராடுகிறார். பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தம்மை அதிகமாக அசைக்கும்போது தாம் பாவம் செய்வதாக அவர் உணர்கிறார். பேச்சுக்கு மிக நெருக்கமாக, மிகச் சிறிய ஏற்ற இறக்கத்தோடு திருப்பாடலை வாசிக்கச் செய்த அத்தனாசியாரின் வழிதான் பாதுகாப்பானதோ என்றும் எண்ணுகிறார். ஆனால் தாம் மனம்திரும்பிய நாள்களில் கோவில் இசை கேட்டுச் சிந்திய கண்ணீர் நினைவுக்கு வரும்போது, இசையை விலக்கவும் அவரால் இயலவில்லை. திரெந்துப் பொதுச்சங்கம் 1562ஆம் ஆண்டு, மஃபேயியின் கடிதம் வந்த அதே ஆண்டில், தூய்மையற்றதும் காமக்கிளர்ச்சி கலந்ததுமான இசையைக் கோவில்களிலிருந்து விலக்குமாறு பணித்தது. 1614-15இல் உரோமையில் மெதிச்சி அச்சகம் வெளியிட்ட பாடல் நூலில் கிரகோரியன் பாடல்களின் நீண்ட சுரக்கோவைகளே வெட்டிக் குறைக்கப்பட்டன. மருந்துக் கடைக்காரருக்குத் துணையாகப் பெரிய சாட்சிகள் பலர் இருந்தார்கள்.

எதிர்ச் சாட்சியும் அகுஸ்தினாரிடமே கிடைக்கிறது. திருப்பாடல் விளக்கவுரையில் அவர் அறுவடை வயலிலும் திராட்சைத் தோட்டத்திலும் உழைப்போரைக் காட்டுகிறார். அவர்கள் முதலில் சொற்களோடு பாடத் தொடங்குகிறார்கள். மகிழ்ச்சி பெருகிச் சொல்லில் அடங்காதபோது சொற்களை விட்டுவிட்டு வெறும் ஒலியில் ஆர்ப்பரிக்கிறார்கள். சொல்லொணா இறைவனுக்கு இந்த ஆர்ப்பரிப்பே தகுந்தது என்பது அவர் முடிவு. அன்று நான் இரண்டையும் எடுத்துச் சொன்னேன். ஆசிரியை கைப்பையிலிருந்து காச்சினியை எடுத்தார். வரம்பற்ற சுரக்கோவைகள் உணர்ச்சியோடு பாடுவது இன்னதென்று அறியாதவர்களின் காதைக் குறுகுறுக்கச் செய்யவே தோன்றின என்று அணிக்கலையின் ஆசிரியரே எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினார். பின்பு, "சொல்லை முதலில் பேசுங்கள். பேசும்போது குரல் எங்கே தானாக அசைகிறதோ, அங்கே மட்டும் அணி செய்யுங்கள். அசையாத இடத்தில் செய்தால் நம் நண்பர் சொல்வது சரி" என்றார். மருந்துக் கடைக்காரர் தலையசைத்தார். அதன்பின் எங்கள் குழுவில் காவலர் அவர்தான். ஒருவர் அணியை மிகைப்படுத்தினால் அவருடைய இருமல் கேட்கும்.

எழுதப்படாததைக் கற்பது எப்படி என்னும் சிக்கலும் இருந்தது. இறையியல் மாணவனாகிய எனக்கு இதில் தனி ஈடுபாடு உண்டாயிற்று. கிரெகோரியோ அல்லேக்ரி என்னும் குரு, திருத்தந்தையின் சிஸ்டைன் சிற்றாலயத்துக்காக 51ஆம் திருப்பாடலுக்கு இசையமைத்தார். புனித வாரத்தில் அதைக் கேட்க ஐரோப்பா எங்குமிருந்து மக்கள் வருவார்கள். வியன்னாவின் பேரரசர் லெயோப்போல்து அதன் படியைக் கேட்டு வாங்கி, தம் பாடகர்களைக் கொண்டு பாடச் செய்தபோது, அது எளிய பாட்டாகவே ஒலித்ததாம். தம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் சினம் கொண்டதாக ஒரு கதை வழங்குகிறது. தாளில் இருந்ததைத்தான் அனுப்பினார்கள். சிஸ்டைன் பாடகர்கள் வழிவழியாகக் காதால் கேட்டுச் சேர்த்துவந்த அணி தாளில் இல்லை. 1770இல் பதினான்கு வயது மொசார்ட் அதைக் கேட்டு நினைவிலிருந்து எழுதினார். 1771இல் சார்ல்ஸ் பர்னி இலண்டனில் அச்சிட்டபோதும் அணி இல்லாமல்தான் அச்சிட்டார். 1840இல் அல்ஃபியேரி என்பவரின் பதிப்பில்தான் அணிகள் எழுத்தில் ஏறின.

எழுதப்பட்ட மறைநூலும் வாழும் மரபும் ஒரே ஊற்றிலிருந்து பெருகுவன என்று குருமடத்தில் படித்திருந்தேன். திருத்தூதர்களிடமிருந்து வந்த மரபு திருச்சபையில் தூய ஆவியின் துணையால் வளர்கிறது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இறைவெளிப்பாட்டைப் பற்றிய கொள்கைத் திரட்டில் கூறியதையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் தாளில் உள்ளதை மட்டும் பெற்ற பேரரசரின் ஏமாற்றம்தான் அதை எனக்கு விளக்கியது. மரபு அறுந்தால் என்னவாகும் என்பதையும் பரோக் இசை காட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கலை பெரும்பாலும் மறக்கப்பட்டது. 1915இல் ஆர்னால்ட் தொல்மெட்ச் பழைய நூல்களைத் தேடித் தொகுத்து எழுதினார். 1933இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பழைய இசைக்கென்றே ஒரு கல்விக்கூடம் தொடங்கப்பட்டது. அறுந்த நூலை ஏட்டிலிருந்து மீண்டும் முறுக்க வேண்டியிருந்தது. நல்லவர்களைக் கேட்டே கற்கவேண்டும் என்று பழைய நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கேட்பதற்கோ அக்காலத்தவர் ஒருவரும் இல்லை. முந்நூறு ஆண்டு மௌனத்தைத் தாண்டி ஒரு முன்னுரையிலிருந்து குரலைக் கேட்க முயன்றவர்களில் எங்கள் ஆசிரியையும் ஒருவர்.

2000ஆம் ஆண்டு மூவொரு கடவுள் பெருவிழாவுக்காக அவர் டெனர்கள் மூவரைத் தேர்ந்தார்: அஞ்சல் ஊழியர், இசை மாணவர், நான். பாட வேண்டியது கிளவுதியோ மொந்தெவெர்தி 1610இல் அச்சிட்டுத் திருத்தந்தை ஐந்தாம் பவுலுக்குக் காணிக்கையாக்கிய மாலைப் புகழ்மாலையில் உள்ள ஒரு பாடல். எசாயா கண்ட காட்சி அது. இரண்டு சேராபீன்கள் ஒருவரையொருவர் நோக்கித் தூயவர் என்று கூவுகிறார்கள். இரண்டு குரல்கள் எதிரெதிரே நின்று, ஒன்று செய்த அணியை மற்றொன்று திருப்பிச் செய்கின்றன, ஒன்றையொன்று உரசுகின்றன, காச்சினி சொன்ன அதே நடுக்கத்தில் ஒரே சுரத்தைத் தட்டுகின்றன. இங்கே மொந்தெவெர்தி அணிகளைத் தாமே எழுதிவிட்டார். பின்பு வானகத்தில் சான்று பகர்வோர் மூவர் என்னும் சொற்கள் வரும் இடத்தில் மூன்றாம் குரல் நுழைகிறது. தந்தை, வாக்கு, தூய ஆவி. இம்மூவரும் ஒருவரே என்னும் இடத்தில் மூன்று குரல்களும் நெருங்கி நெருங்கி ஒரே சுரத்தில் ஒன்றாகின்றன. மூவொரு கடவுளைப் பற்றி நான் படித்த நூல்கள் எத்தனையோ. மூன்று மனிதர் மூச்சடக்கி ஒரே சுரத்தில் நின்ற அந்தக் கணத்தில், நூல்கள் சொல்ல முயன்றதன் விளிம்பை என் காது தொட்டது.

மறைநூல் கற்றவர்கள் இங்கே புன்னகைப்பார்கள். யோவானின் முதல் திருமுகம் ஐந்தாம் அதிகாரத்தில் வானகத்துச் சான்றுகள் மூவரைக் கூறும் அச்சொற்கள் மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் இல்லை. இலத்தீன் மரபில் பின்னர் நுழைந்தவை. இன்றைய மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் அவற்றை மூலத்தில் சேர்ப்பதில்லை. அதாவது அப்பாடலின் மையமே ஒரு சேர்க்கை. படியெடுத்தவரின் கை இட்ட ஓர் அணி எனலாம். நம் விசுவாசம் அந்த வரியின்மேல் கட்டப்படவில்லை. எனினும் அந்த வரி சொல்வது பொய்யும் அன்று. திருச்சபை எங்கும் எப்போதும் நம்பியதையே அது ஓர் இடத்தில் திரட்டிச் சொல்கிறது. சேர்க்கைகளில் இருவகை உண்டு என்று அன்று புரிந்தது. மூலத்தை மறைத்துத் தன்னைக் காட்டுவது ஒருவகை. மூலத்தில் உறங்குவதை எழுப்பிவிட்டுத் தான் ஒதுங்குவது மற்றொரு வகை. நம் மறையுரைகளும் இவ்விரண்டில் ஒன்றாகத்தான் இருக்கின்றன. அப்பாடலை எழுதியவர் மனைவியை இழந்து, வெனிஸ் நகரின் புனித மாற்கு பேராலயத்தில் இசைத்தலைவராகப் பணியாற்றி, 1632இல் தம் அறுபத்து நான்காம் வயதில் குருவானார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவரை என் மூத்த சகோதரக் குருவாகவே எண்ணிவருகிறேன்.

இன்னொரு பாடம் ஓப்பரா உலகிலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தனிப்பாடல்கள் பல மூன்று பகுதிகளாக இருக்கும். முதற்பகுதி, அதற்கு மாறான இரண்டாம் பகுதி, அதன் முடிவில் 'மீண்டும் தொடக்கத்திலிருந்து' என்று பொருள்படும் 'தா காப்போ' என்னும் குறிப்பு. மூன்றாம் பகுதியை எழுதுவதே இல்லை. முதற்பகுதியையே திரும்பப் பாடவேண்டும். ஆனால் அப்படியே அன்று. 1723இல் பொலோஞ்ஞா நகரில் தம் நூலை வெளியிட்ட பியர் பிரான்செஸ்கோ தோசி சொல்லும் நெறி இது: முதற்பகுதியில் அணி எளிதாகவும் சிலவாகவும் இருக்கட்டும். இரண்டாம் பகுதியில் சற்றுக் கூடட்டும். திரும்பி வரும்போதோ, பாடியதையே மேலும் சிறப்பாக மாற்றிப் பாடாதவர் பெரிய பாடகர் அல்லர். அணியை இசையமைப்பாளரே குறித்துத் தரவேண்டும் என்று எதிர்பார்க்கும் பாடகர்களைக் கண்டு அவர் வருந்தவும் செய்கிறார்.

முதல் முறை பாடும்போதே எல்லா அணிகளையும் கொட்டிவிடுபவருக்குத் திரும்பி வரும்போது கொடுக்க ஒன்றும் இருக்காது. அதைவிட முக்கியமானது வேறு. இரண்டாம் பகுதியில் நடந்தது எதுவோ, அதுதான் திரும்பி வரும்போது அணியாக வேண்டும். இரண்டாம் பகுதி துயரத்தைப் பாடியிருந்தால், அதே பழைய சொற்களைத் துயரம் கண்டவரின் குரலில் பாடவேண்டும். சொற்கள் மாறவில்லை, சுரங்களின் எலும்புக்கூடும் மாறவில்லை, ஆள் மாறியிருக்கிறார். நாள்தோறும் ஒரே நன்றி மன்றாட்டைச் சொல்லும் குருவுக்கு இது சிறிய செய்தியா? திருநிலைப்பாடு பெற்ற முதல் ஆண்டின் பரவசம் வடிந்து, சொற்கள் நாவில் வழவழப்பாகிவிட்ட காலம் அது. அச்சொற்களில் ஒன்றையும் மாற்ற எனக்கு உரிமையில்லை, இருக்கவும் கூடாது. ஆயினும் நேற்றைய நாள் என்னை எதன் வழியே அழைத்துச் சென்றதோ, அது இன்றைய குரலில் ஒலிக்க இடமுண்டு என்பதைத் தோசியிடம் கற்றேன்.

2001ஆம் ஆண்டு தவக்காலத்தில் என் தாயார் இறந்தார். நம் ஊர் வழக்கப்படி மறுநாளே அடக்கம்; என்னால் வந்து சேர இயலவில்லை. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேருக்கு நான் சொல்லியிருந்த ஆறுதல் வாக்கியங்களை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அவை உண்மைதான், ஆனால் உள்ளே இறங்கவில்லை. புனித வாரத்துக்காக ஆசிரியை ஏற்கெனவே எனக்கு ஒன்றைத் தந்திருந்தார்: பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சுவா கூப்பரென், புனித புதனின் இருள் வழிபாட்டுக்காகப் புலம்பல் நூலுக்கு அமைத்த முதல் பாடம். வேண்டாமென்றால் வேறொருவரைப் பாடச் செய்யலாம் என்றார். நான் பாடுகிறேன் என்றேன்.

புலம்பல் நூலின் எபிரேய மூலத்தில் பெரும்பாலான பகுதிகள் அகர வரிசைப்படி ஒவ்வோர் எழுத்தில் தொடங்குகின்றன. இலத்தீனில் மொழிபெயர்த்தபோது அந்த அமைப்பைக் காப்பாற்ற முடியாமல், எழுத்தின் பெயரை மட்டும் தலைப்பாக நிறுத்திக்கொண்டார்கள். ஆலெப், பேத், கிமெல். திருச்சபை அந்த எழுத்துப் பெயர்களையும் பாடியது. அவற்றுக்குப் பொருளில்லை, கதையில் இடமில்லை. ஆனால் கூப்பரென் அந்த எழுத்துகளுக்குத்தான் மிக நீண்ட, மிக அழகிய அணிக்கோவைகளைத் தந்திருக்கிறார். எருசலேம் தனித்திருக்கும் துயரத்தைச் சொற்கள் சொல்லத் தொடங்குவதற்கு முன், குரல் ஒரு வெற்றெழுத்தின்மேல் நீண்டு, நெளிந்து, சாய்ந்து, அடங்குகிறது. சொல் வருமுன் வரும் அழுகை அது.

கூப்பரென் தோசியைப் போன்றவர் அல்லர். 1722இல் வெளியிட்ட தம் கருவியிசை நூல் ஒன்றின் முன்னுரையில், தாம் இட்ட அணிக் குறிகளைச் சிலர் விருப்பம்போல் விடுவதையும் மாற்றுவதையும் கடிந்துகொள்கிறார். கூட்டாமலும் குறைக்காமலும் குறித்தபடியே இசைக்கவேண்டும் என்பது அவர் கட்டளை. ஓராண்டு இடைவெளியில் ஒருவர் நீயே கண்டுபிடி என்கிறார். மற்றவர் எழுதியதை மாற்றாதே என்கிறார். பயிற்சியின்போது முதல் எழுத்திலேயே என் குரல் உடைந்தது. ஆசிரியை வாசிப்பதை நிறுத்தவில்லை. முடிந்தபின், "நீங்கள் அழவேண்டியதில்லை, தந்தையே. அழுகையை அவர் எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு குறியையும் அதனதன் இடத்தில் செய்யுங்கள், போதும்" என்றார்.

அப்படியே செய்தேன். புனித புதன் மாலை, முக்கோண விளக்குத் தண்டில் மெழுகுதிரிகள் ஒவ்வொன்றாக அணைக்கப்பட, ஒவ்வொரு சாய்வையும் ஒவ்வொரு நடுக்கத்தையும் தாளில் இருந்தபடியே பாடினேன். மக்கள் நிறைந்திருந்த நகர் கைம்பெண்போல் தனித்திருக்கிறது என்னும் இடத்தில், கணவனை இழந்து இருபது ஆண்டுகள் தனித்திருந்த என் தாயின் முகம் வந்தது. குரல் உடையவில்லை. உடைவதற்கென்று அங்கே ஓர் இடம் முன்பே ஆயத்தம் செய்யப்பட்டிருந்தது. அந்த இடத்தில் குரல் தன் துயரத்தை வைத்துவிட்டு மேலே நடந்தது. அடக்கச் சடங்கில் நிற்க முடியாத மகனுக்கு அன்று அந்தச் சடங்கு கிடைத்தது. என் சொந்தச் சொற்களால் அது கிடைத்திருக்காது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மறைந்த ஒருவர் இட்ட சிறு குறிகளுக்குக் கீழ்ப்படிந்ததில் கிடைத்தது.

அவ்வாண்டே ஊர் திரும்பினேன். கிராமத்துப் பங்கிலும் நகரத்துப் பங்கிலுமாக ஆண்டுகள் கழிந்தன. கூப்பரெனையோ மொந்தெவெர்தியையோ பாட இங்கே வாய்ப்பில்லை; என் குரலும் இப்போது அந்த உயரங்களுக்கு ஏறுவதில்லை. ஆனால் கற்றது உடன் இருக்கிறது. அடக்கத் திருப்பலிகளில் சடங்கு நூலின் சொற்களை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். துயருறுவோர் தம் துயரத்தை வைக்க அங்கே இடம் இருப்பதை அறிவேன். மறையுரை ஆற்றும்போது முதலில் வாசகத்தை எனக்குள் பேசிப் பார்க்கிறேன்; குரல் தானாக அசையும் இடத்தில் மட்டும் விரிக்க முயல்கிறேன். கீழ்ப்படிதலும் உரிமையும் ஒன்றையொன்று விழுங்குவன அல்ல என்பதற்கு 1722உம் 1723உம் எனக்குப் போதுமான சான்றுகள்.

அன்பு வாசகரே, நீங்கள் பாடகராக இல்லாமல் இருக்கலாம். ஆயினும் உங்கள் கையில் செபமாலை உண்டு. ஒரே மங்கள வார்த்தை செபம் ஐம்பத்து மூன்று முறை. வெளியிலிருந்து கேட்பவருக்கு அது ஒரே சுரத்தின் சலிப்பு. ஆனால் மகனுக்கு வேலை கிடைத்த நாளில் அதைச் சொன்ன தாயும், அந்த மகன் நோயில் கிடக்கும் இரவில் அதையே சொல்லும் தாயும் ஒரே செபத்தையா சொல்கிறார்கள்? இடையில் இரண்டாம் பகுதி நடந்திருக்கிறது. சொற்கள் பழையவை; குரலில் புதியதொரு சாய்வு. நம் எளிய மக்கள் எந்த நூலும் படிக்காமல் நாள்தோறும் செய்துவரும் அணி அது. விண்ணகத்தில் சேராபீன்கள் பாடும் பாட்டும் ஒரே சொல்தான். தூயவர் என்பதை அவர்கள் ஓயாமல் திரும்பச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அவர்கள் இறைவனில் புதிதாக எதையோ காண்கிறார்கள் போலும். நாமும் நாளை காலை, அதே சொற்களை எடுத்துக்கொண்டு, மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்குவோம்.